மூன்று நாள், பதினான்கு இடமா?

கேள்வி: மே மாத லீவில் கோவையிலிருந்து காரில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மூன்று நாள் போகிறோம். நான், கணவர், 12 வயதுப் பெண், 8 வயதுப் பையன், முழங்கால் வலியுள்ள மாமியார். கணவர் பதினான்கு இடங்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டார். பிள்ளைகளோ "எல்லாமே கோயில்தானா?" என்று இப்போதே சிணுங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பட்டியலை வாங்கி மடித்து டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுங்கள், அடுத்த பயணத்துக்கு ஆகும். தஞ்சாவூர்ப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று மூன்று கோயில், ஒரு அரண்மனை, அவ்வளவுதான் இந்த முறை. மே மாதம் என்கிறீர்கள், அந்த வெயிலில் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப் போவது ராஜராஜனோ ராஜேந்திரனோ இல்லை, கால் வைக்க முடியாமல் கொதிக்கிற கருங்கல் தரைதான். ஒரு வருஷம் நாங்கள் பதினொரு மணிக்குப் பெரிய கோயிலுக்குள் போய், எங்கள் வீட்டுப் பையன் நிழலுக்கு நிழல் தவளை மாதிரி தாவியதுதான் மிச்சம், ஒரு சிற்பம்கூடப் பார்க்கவில்லை. போதாததற்குப் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் காலை ஆறரைக்கு உள்ளே, ஒன்பதுக்கு வெளியே. எல்லோருக்கும் ஒரு ஜோடி பழைய காட்டன் சாக்ஸ் எடுத்து வையுங்கள்.

முதல் நாள் மதியத்துக்குள் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, ஐந்தரைக்குப் பெரிய கோயிலுக்குச் சும்மா போய் உட்காருங்கள். கருவறை மேல் இருக்கிற கோபுரம், அதாவது விமானம், மஞ்சளாகிச் சிவக்கிற நேரம் அது. மாமியாரும் சுவாமி பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். மறுநாள் காலையில் திரும்பவும் அங்கேயே போங்கள். ஒரே கோயிலுக்கு இரண்டு தடவையா என்று உங்கள் கணவர் கேட்பார், கேட்கட்டும்.

காலையில் போகும்போது பிள்ளைகளை விமானத்தின் அடிப்பகுதிக்குக் கூட்டிப் போய்க் கல்வெட்டைக் காட்டுங்கள். ஆயிரம் வருஷத்து எழுத்து, ஆனாலும் ட, ப, ம எல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். 1010-ல் கோயிலை முடித்த ராஜராஜன், தான் கொடுத்தது மட்டுமில்லாமல் 'அக்கன் குடுத்தனவும்' கல்லில் வெட்டச் சொன்னான், அக்கன் என்றால் அக்கா குந்தவை. இதைச் சொன்னதும் உங்கள் பெண் தம்பியை ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள். கோயிலில் ஆட வந்த நானூறு பெண்களின் பெயரையும், எந்தத் தெருவில், எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

டிபன் முடித்துவிட்டு அரண்மனைக் கலைக்கூடம், பத்து மணி வாக்கில். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கிற சிவன், செப்புத் திருமேனி இருக்கிறது, பெரிய கோயில் முடிந்த மறு வருஷத்தை ஒட்டியது. தலையில் பாம்பு சுற்றிய முண்டாசு, ஒரு கை காளை மேல் சாய்ந்த மாதிரி அந்தரத்தில் நிற்கிறது, காளையைக் காணோம்! எங்கள் பையன் அதன் பக்கத்தில் அதே மாதிரி கையை வைத்து நின்று பார்த்து, காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டான். கோயிலில் கால் சுட்டது தவிர அந்தப் பயணத்தில் அவனுக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

அப்புறம் மதியமே கும்பகோணம் போய் ரூம் போட்டுவிடுங்கள், 40 கிலோமீட்டர்தான். மாலையில் தாராசுரம், ஊரை ஒட்டியே இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் கட்டியது, உயரத்தில் சின்னது, நுணுக்கத்தில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒரு பக்கம் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை, இரண்டுக்கும் ஒரே தலை, அப்படி ஒரு சிற்பத்தைத் தேடச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள், அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி. தட்டினால் ஒலிக்கிற படிகளுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், பார்க்கத்தான் முடியும். ராத்திரி இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கும்பகோணம் கடப்பா (பாசிப்பருப்புக் குருமா) கிடைக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள்.

மூன்றாம் நாள் விடிகாலையில் கங்கைகொண்ட சோழபுரம். தலைநகரையே இங்கே மாற்றிக்கொண்ட ராஜேந்திரன், அப்பா கட்டியதைவிட விமானத்தைக் கொஞ்சம் குறைவான உயரத்தில் வைத்தான். ஆளுக்கொரு பேப்பர், பென்சில் கொடுத்து அதை வரையச் சொல்லுங்கள், தஞ்சாவூர் விமானம் நேர்க்கோடாக ஏறும், இது உள்வாங்கி வளையும் என்று கை வழியாகவே புரிந்துவிடும். வடக்குப் படிக்கட்டு ஓரம் அடியார் சண்டேசர் தலையில் சிவன் பூச்சுற்றிவிடுகிற சிற்பம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் ஊர் திரும்பும் வழியைப் பிடித்துவிடலாம்.

கேள்வி: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே?

பதில்: விழும் சார். நடு மத்தியானம் அகலமான அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுவதால் வந்த கதை இது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிழக்குப் பக்கம் நந்திக்குப் போகிற வழியில் நில்லுங்கள், நீங்கள் நிற்பதே அந்த நிழலில்தான். அந்த நந்தியும் ராஜராஜன் வைத்தது இல்லை, நாயக்கர் காலத்தது.