பார்க்க ஆளில்லாத விளையாட்டில் ஆராய என்ன இருக்கிறது?

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்குப் பெண்கள் உதைபந்தாட்டத்தை எடுக்க யோசிக்கிறேன். "பார்க்கவே ஆளில்லாத விளையாட்டு, அதில ஆராய என்ன கிடக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கொழும்பில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா?

கட்டாயம் எடுங்கள். கொழும்பில் பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறவள் நான். உங்கள் வீட்டார் கேட்டதையே கொஞ்சம் திருப்பினால் தலைப்பு கிடைத்துவிடும்: பார்க்க ஏன் ஆளில்லை?

ஒரு காலத்தில் ஆள் இருந்தது. 1920 டிசெம்பர் 26ஆம் திகதி லிவர்பூலில் உள்ள குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கேர் தொழிற்சாலைப் பெண்களின் அணி விளையாடியபோது 53,000 பேர் உள்ளே இருந்தார்கள். இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். அதற்கு அடுத்த வருடம், 1921 டிசெம்பர் 5ஆம் திகதி, இந்த விளையாட்டு பெண்களுக்கு உகந்ததல்ல என்று சொல்லி, தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் உத்தரவு போட்டது. அந்தத் தடை நீங்க ஏறக்குறைய 50 வருடங்கள் எடுத்தன. அவ்வளவு காலமும் பெண்கள் பூங்காக்களிலும் கிடைத்த வெறுந்தரைகளிலும் விளையாடினார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய ஆட்டம் பார்க்கப் போகும் பழக்கம் இரண்டு தலைமுறைக்கு இல்லாமல் போனது. பெரிய மைதானம் திரும்பக் கிடைத்த இடங்களில் சனமும் திரும்பி வந்தது. 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில் பார்சிலோனா, வொல்ஃப்ஸ்பேர்க் பெண்கள் அணிகளின் ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்தார்கள். 2023 பெண்கள் உலகக் கிண்ணத்தை மைதானங்களில் பார்த்தவர்களின் மொத்த எண்ணிக்கை 19 இலட்சத்தைத் தாண்டியது.

"அது சரி, ஆட்டத்தின் தரம் குறைவுதானே?" என்பார்கள். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கெடுத்து 2023இல் வெளியான ஒரு ஆய்வில் 613 பேருக்கு ஆண்களும் பெண்களும் அடித்த கோல்களின் காணொளிகளைக் காட்டிப் புள்ளி போடச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு அப்படியே காட்டினார்கள். மற்றவர்களுக்கு, ஆடுவது ஆணா பெண்ணா என்று தெரியாதபடி உருவங்களை மங்கலாக்கிக் காட்டினார்கள். அப்படியே பார்த்தவர்கள் ஆண்களுக்குக் கூடுதல் புள்ளி போட்டார்கள். மங்கலாகப் பார்த்தவர்களின் புள்ளிகளில் சொல்லத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. சில விநாடிக் காட்சிகளை வைத்து 90 நிமிட ஆட்டத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. கொழும்பிலும் பெரிய செலவில்லாமல் இதைச் செய்து பார்க்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சனிக்கிழமை இரவில் இங்கிலாந்து பிரீமியர் லீக் பார்க்கும் அண்ணாமார் எத்தனையோ பேர். அவர்களிடம் புள்ளி கேளுங்கள்.

பிரித்தானியாவில் 1,950 ஆண் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்றும் 2022இல் வெளியானது. ஸ்டேசி போப் என்ற சமூகவியலாளரும் சக ஆய்வாளர்களும் செய்தது. பெண்கள் விளையாட்டை மனதார ஆதரிப்பவர்கள், வெளிப்படையாக இழிவுபடுத்துபவர்கள், வெளியில் ஆதரவாகப் பேசி உள்ளே வெறுப்பவர்கள் என்று மூன்று வகையினரை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அந்த மூன்றாவது வகையை நம் ஊரில் தேட விரும்பினால் அதிக தூரம் போக வேண்டியதில்லை. பரிசளிப்பு விழாவில் எங்கள் பிள்ளைகளைப் புகழ்ந்து பேசுகிறவர்கள், மைதானத்தைப் பங்கிடும் நேரம் வந்தால் ஆண் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறேன்.

உடல் சார்ந்த ஆய்வுகளையும் விட்டுவிடாதீர்கள். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுபடுவது ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2008இல் வந்தது. ஆட்டத்துக்கு முன் சுமார் 20 நிமிடம் ஒழுங்கான உடற்பயிற்சி செய்த அணிகளில் கடுமையான காயங்கள் பாதிக்குக் கிட்டக் குறைந்தன. காசு செலவில்லாத விஷயம், நாங்கள் செய்கிறோம். சப்பாத்தைப் பற்றியும் ஆராயலாம். ஐரோப்பாவின் முன்னணிக் கழக வீராங்கனைகளிடம் கேட்டதில் 82 சதவீதமானோர் சப்பாத்தால் தங்களுக்கு அசௌகரியம் என்றார்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால், அண்ணனுக்குச் சிறிதாகிப்போன சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு வரும் என் பிள்ளைகளை என்ன சொல்ல? அவர்களின் கால்களை யாரும் அளந்து பார்த்ததில்லை.

இனி கொழும்புக்கு வருவோம். உங்களுக்கு இங்கே தோண்டத் தோண்ட விஷயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி பெண்கள் உதைபந்தாட்டத்துக்குப் பேர்போனது. கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பெண்கள் பாடசாலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது வலைப்பந்துதான். ஏன் இந்த வித்தியாசம்? ஆசிரியரா, மைதானமா, பெற்றோரா, உடுப்பா? 2012இல் தெற்காசியப் பெண்கள் கிண்ணம் கொழும்பில்தான் நடந்தது. இறுதியாட்டத்தில் இந்தியா நேபாளத்தை வென்றது. அதைப் பார்க்கப் போனவர்கள் யார், அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பீபா இலங்கையை இடைநிறுத்தி ஓகஸ்டில்தான் அதை நீக்கியது. அந்த மாதங்களைத் தேசிய அணிப் பெண்கள் எப்படிக் கழித்தார்கள்? ஒவ்வொன்றும் தனித்தனி ஆய்வாக நிற்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், நீங்கள் அம்மாக்களைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் ஆட்டங்களுக்கு வருகிறவர்களில் அநேகம் பேர் அவர்கள்தான். தண்ணீர்ப் போத்தலும் பாடசாலைப் பையும் மடியில் வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே இருப்பார்கள். மகள் ஆடாத நாளிலும் வருகிறவர்கள் உண்டு. நடுவர் பிழை விட்டால் முதலில் எழும்புவது அவர்களின் குரல்தான். ஆனால் "நீங்கள் உதைபந்தாட்ட ரசிகையா?" என்று கேட்டால், "ஐயோ இல்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்பார்கள். நுழைவுச்சீட்டை எண்ணுகிற கணக்கிலும், ரசிகரா என்று கேட்கிற வினாக்கொத்திலும் இவர்கள் அகப்படவே மாட்டார்கள். ஆளில்லை என்று சொல்லும்போது கணக்கில் வராமல் போவது இவர்கள்தான். ஆகவே வினாக்கொத்தோடு போகாதீர்கள். பக்கத்தில் இருந்து, கடைசியாக எந்த ஆட்டத்துக்கு வந்தீர்கள், வீட்டில் யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள், மகளை எந்த வகுப்போடு நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கதை கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சை வரும் வருடத்தில் டியூஷனுக்காகப் பந்தை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளின் கதையும் அவர்களிடம்தான் இருக்கிறது.

நடைமுறையில் ஒன்று. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு பேசுவதானால் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு, அதிபர், பெற்றோர் என்று எல்லோருடைய அனுமதியும் எழுத்தில் வேண்டும். அதற்கு நாள் எடுக்கும். தலைப்பு உறுதியானதுமே கடிதங்களைத் தொடங்கிவிடுங்கள். பரீட்சைக் காலத்தில் மைதானத்தில் ஒருவரையும் காண மாட்டீர்கள் என்பதால் களவேலையைத் தவணையின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் வருவதானால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அம்மாக்களிடம் நானே கேட்டுச் சொல்கிறேன்.