போப் பிரான்சிஸின் விமானப் பேட்டிகள் விசுவாசிகளைப் பாதித்தனவா?

மதத் தலைவர்கள் நிருபர்களிடம் போகிறபோக்கில் சொல்லிவிடும் வார்த்தைகளை விசுவாசிகள் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்களா, குறிப்பாகப் போப் பிரான்சிஸ் வெளிநாட்டுப் பயணங்களின்போது விமானத்தில் நிருபர்களுக்கு அளித்த பேட்டிகள் கத்தோலிக்கர்களைப் பாதித்தனவா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதித்தன என்பதே என் பதில். எங்கள் பங்குக் கோயிலில் பல ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருபவள் என்ற முறையில், அந்தப் பாதிப்பு யார் மேல் விழுகிறது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். திருச்சபையை விட்டு விலகி நிற்பவர்களை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. திருச்சபை சொன்னதைக் கேட்டு நடந்து, அதற்காக எதையாவது இழந்தும் சுமந்தும் வாழ்கிறவர்கள் மேல்தான் அது போய் விழுகிறது.

கோட்பாட்டளவில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. திருத்தந்தையின், அதாவது போப்பின், போதனைக்கு எவ்வளவு கனம் தர வேண்டும் என்பதை, அது வெளிவந்த ஏட்டின் தன்மை, அது எத்தனை முறை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது, எந்த முறையில் சொல்லப்பட்டது ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் கோட்பாட்டு ஏட்டின் 25ஆம் பத்தியில் கூறுகிறது. 1870இல் வழுவாவரம், அதாவது திருத்தந்தை முறைப்படி அறிவிக்கும் கோட்பாட்டில் தவறமாட்டார் என்பது, வரையறுக்கப்பட்ட பிறகு, அந்த அதிகாரத்தைக் கொண்டு முறைப்படி ஒரு கோட்பாடு அறிவிக்கப்பட்டது 1950இல், மரியாவின் விண்ணேற்பு குறித்து மட்டுமே. அந்த ஏணியில் விமானப் பேட்டிக்கு அடிப்படியில்தான் இடம். யாரும் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ஆனால் இந்தப் பதில் வார்த்தையின் எடையை மட்டுமே சொல்கிறது. அதைக் கேட்டவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பிரான்சிஸுக்கு முன்பு திருத்தந்தையாக இருந்த பதினாறாம் பெனடிக்ட் காலத்தில் விமானத்தில் கேட்கப்படும் கேள்விகள் முன்கூட்டியே எழுதி வாங்கித் தேர்ந்தெடுக்கப்பட்டன. அப்படியிருந்தும், 2009 மார்ச்சில் கமரூன் செல்லும் வழியில் ஆணுறை விநியோகம் எய்ட்ஸ் சிக்கலைத் தீர்க்காது, அதிகப்படுத்தவே செய்யும் என்ற பொருளில் அவர் பேசியது உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. பிரான்சிஸ் அந்த வடிகட்டலையும் எடுத்துவிட்டார். பயணம் முடிந்து திரும்பும்போது, களைப்போடு, முன்பின் தெரியாத கேள்விகளுக்கு நின்றபடியே பதில் சொன்னார். அந்தத் திறந்த மனதை நான் இன்றும் மதிக்கிறேன். அதற்கு விலை இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015 ஜனவரி 14 அன்று அவர் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் அளித்துவிட்டு, அன்று பிற்பகலே மடு அன்னை திருத்தலத்துக்குச் சென்றார். போரில் உறவுகளை இழந்த தமிழ், சிங்களக் குடும்பங்கள் அங்கே ஒன்றாகக் காத்திருந்தன. அந்த இடத்தில் நடந்த துயரங்களையும், அன்னையின் திருவுருவம் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட நாளையும் இலங்கையர் எவரும் மறக்க முடியாது என்று அவர் பேசினார். அது எழுதி, எண்ணிப் பார்த்துச் சொன்ன பேச்சு. அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் உரியது. மறுநாள் கொழும்பிலிருந்து மணிலா செல்லும் விமானத்தில், பாரிஸில் ஷார்லி ஹெப்டோ இதழ் அலுவலகத்தில் நடந்த கொலைகளைப் பற்றிய கேள்வி வந்தது. கடவுளின் பெயரால் கொல்லக் கூடாது என்று அழுத்தமாகச் சொன்னவர், பேச்சோடு பேச்சாக, பக்கத்தில் நின்ற பயண ஏற்பாட்டாளரைக் காட்டி, இவர் என் தாயைப் பற்றித் தவறாகப் பேசினால் ஒரு குத்து வாங்க வேண்டியிருக்கும் என்றார். உலகச் செய்தித்தாள்களின் தலைப்பில் ஏறியது அந்தக் குத்துதான். இது வன்முறையை நியாயப்படுத்துவது அல்ல என்று வத்திக்கான் விளக்கம் தர வேண்டி வந்தது. மடுவில் பேசியதை அந்த நாடுகளின் வாசகர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

நான்கு நாள் கழித்து, ஜனவரி 19 அன்று, மணிலாவிலிருந்து ரோமுக்குத் திரும்பும் வழியில் இன்னொன்று நடந்தது. நல்ல கத்தோலிக்கராக இருக்க வேண்டுமென்றால் முயல்களைப் போல இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, பொறுப்போடு பிள்ளை பெற வேண்டும் என்றார். ஏழு முறை அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்று எட்டாவதையும் சுமந்திருந்த ஒரு தாயைத் தாம் கடிந்துகொண்டதாகவும் சொன்னார். செயற்கைக் கருத்தடை கூடாது என்று 1968இல் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடலை அதே பேட்டியில் அவர் உறுதியாக ஆதரித்துப் பேசியிருந்தார் என்பதால், கோட்பாட்டில் அவர் எதையும் மாற்றவில்லை.

எங்கள் பங்கில் ஐந்து பிள்ளைகள் பெற்ற ஒரு அக்கா இருக்கிறார். இரண்டுக்கு மேல் பெற்றாலே ஊர் ஒரு மாதிரி பார்க்கும் தமிழ்நாட்டில், ஒவ்வொரு பேறுகாலத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏச்சு வாங்கியவர்; மூன்றாவதற்குப் பிறகு கருத்தடை அறுவை செய்துகொள்ளச் சொல்லி மாமியார் வீட்டிலும் நெருக்கினார்கள். திருச்சபை சொல்லியிருக்கிறது, மாட்டேன் என்று நின்றவர் அவர். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, உறவுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "போப்பாண்டவரே முயல்னு சொல்லிட்டாரே, பேப்பர்ல பார்த்தியாம்மா?" என்றார். அக்கா பதில் பேசாமல் கடைசிப் பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் என்னிடம் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷம் நான் கேட்டு நடந்தது யார் சொன்னதை?" முழுப் பேட்டியை வாசித்துக் காட்டி, சூழலை விளக்கி, அவர் உங்களைச் சொல்லவில்லை அக்கா என்று நான் எவ்வளவோ பேசினேன். அவர் தலையசைத்தார். ஆனால் மாமியார் வீட்டில் அவருக்கு இருந்த ஒரே வாதம், திருச்சபை தன் பக்கம் என்பது, அந்த ஒரு வாக்கியத்தோடு போய்விட்டது; அதை நான் திருப்பித் தர முடியவில்லை.

பிரான்சிஸ் இதை உணர்ந்தார் என்றே நினைக்கிறேன். ஜனவரி 21 புதன் மறைக்கல்வி உரையில், பிள்ளைகளைக் கடவுளின் கொடையாக ஏற்கும் பெரிய குடும்பங்களைப் பார்ப்பது ஆறுதலும் நம்பிக்கையும் தருகிறது என்று சொன்னார். அக்காவுக்கு அந்தச் செய்தி வரவில்லை. முயல் வந்த நாளிதழில் இது வரவில்லை. எங்கள் பீடத்திலிருந்தும் யாரும் சொல்லவில்லை. ஆயரின் சுற்றுமடலை எல்லாப் பங்குகளிலும் திருப்பலியில் வாசிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இப்படிப்பட்ட வாரங்களில் அரைப் பக்கம் எழுதி வாசித்திருந்தால், வாசலில் நின்று சிரித்தவரும் அதைக் கேட்டிருப்பார்.

ஆறுதலாக வந்து சேரும் வார்த்தைக்கும் இதே பலவீனம் உண்டு. 2013 ஜூலையில் ரியோ டி ஜெனீரோவிலிருந்து திரும்பும்போது, ஏறத்தாழ 80 நிமிடம் நீண்ட பேட்டியில், ஒருவர் தன்பால் ஈர்ப்பு உள்ளவராக இருந்து, நல்லெண்ணத்தோடு கடவுளைத் தேடினால், அவரைத் தீர்ப்பிட நான் யார் என்று கேட்டார். கோயிலுக்குள் வரவே கூசி நின்ற எத்தனையோ பேருக்கு அது கதவு திறந்ததுபோல் இருந்தது. அந்த வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு மீண்டும் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட, வந்த ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். 2021 மார்ச்சில், தன்பாலின இணைகளின் உறவுக்கு ஆசி வழங்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை, கடவுள் பாவத்துக்கு ஆசி வழங்குவதில்லை என்று வத்திக்கானில் போதனையைக் கவனிக்கும் துறையான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அதே திருத்தந்தையின் ஒப்புதலோடு அறிவித்தபோது, எட்டு ஆண்டுகளாக எதன்மேல் நின்றுகொண்டிருந்தோம் என்று அவருக்குப் புரியவில்லை. 2023 டிசம்பரில் அதே பேராயம் சில வரையறைகளோடு அத்தகைய இணைகளுக்கு எளிய ஆசி வழங்கலாம் என்றது. இந்த ஏற்ற இறக்கத்தின் சரி தவறுக்குள் நான் இங்கே போகவில்லை. ஒரு பேட்டி வாக்கியத்தை வாழ்க்கையின் ஆதாரமாக எடுத்துக்கொண்டவர், பிறகு வரும் ஒவ்வோர் ஏட்டாலும் ஆட்டிவைக்கப்படுகிறார்.

இவை எல்லாவற்றையும்விடக் கனமானது தென் அமெரிக்காவின் சிலே நாட்டில் நடந்தது. சந்தியாகோவில் செல்வாக்கோடு இருந்த பெர்னாண்டோ கரதிமா என்ற குரு சிறாரைப் பாலியல் வன்கொடுமை செய்தவர் என்று வத்திக்கானே 2011இல் தீர்ப்பளித்தது. அவருடைய வழிகாட்டுதலில் வளர்ந்து குருவான ஹுவான் பர்ரோஸ், நடந்ததைக் கண்டும் மறைத்தார் என்று பாதிக்கப்பட்டவர்கள் குற்றஞ்சாட்டினர். பர்ரோஸ் அதை மறுத்தார். 2015இல் பிரான்சிஸ் அவரை ஓசோர்னோ மறைமாவட்டத்துக்கு ஆயராக நியமித்தார். பதவியேற்பு நாளில் பேராலயத்துக்குள்ளேயே மக்கள் எதிர்ப்பு முழக்கமிட்டார்கள். அதே ஆண்டு புனித பேதுரு சதுக்கத்தில் சிலே நாட்டவர் ஒருவரிடம், ஓசோர்னோ தன் முட்டாள்தனத்தால்தான் துன்பப்படுகிறது, இடதுசாரிகள் இழுத்த இழுப்புக்குப் போகாதீர்கள் என்று திருத்தந்தை சொன்னது காணொளியாக வெளிவந்தது. அந்த மக்கள் திருச்சபைக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்தவர்கள்.

2018 ஜனவரியில் அவர் சிலேக்கே சென்றார். 16ஆம் தேதி சந்தியாகோவில், குருக்கள் செய்த கொடுமைகளுக்காக வேதனையும் வெட்கமும் அடைவதாக உரையாற்றினார். பாதிக்கப்பட்ட சிலரைத் தனியாகச் சந்திக்கவும் செய்தார். 18ஆம் தேதி இக்கிக்கே நகரில் திருப்பலிக்குச் செல்லும்போது, வாயிலருகே ஒரு நிருபர் பர்ரோஸைப் பற்றிக் கேட்டார். அவருக்கு எதிராக நிரூபணம் கொண்டு வரும் நாளில் பேசுகிறேன், ஒரு சான்றுகூட இல்லை, எல்லாம் அவதூறு, புரிகிறதா என்றார். சில நொடிகளில் முடிந்த பதில். பூட்டிய அறைக்குள் நடந்ததற்குச் சிறுவனாக இருந்தவன் எந்த நிரூபணத்தைக் கொண்டு வருவான்? பதினைந்து, இருபது ஆண்டுகள் வாய் திறக்க முடியாமல் இருந்து, கடைசியில் பேசத் துணிந்தவர்களைத் திருச்சபையின் தலைவரே பொய்யர்கள் என்றதாகத்தான் அது கேட்டது. வத்திக்கானின் சிறார் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவராக இருந்த கர்தினால் ஷான் ஓ'மாலி, அந்த வார்த்தைகள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும் வேதனை தந்தன என்று இரண்டே நாளில் வெளிப்படையாக அறிக்கை விட்டார். ஒரு கர்தினால் திருத்தந்தையைப் பற்றி அப்படி எழுதுவது மிகவும் அபூர்வம்.

திரும்பும் விமானத்தில் பிரான்சிஸ், நிரூபணம் கேட்டது அவர்களுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்திருக்கும் என்று மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பர்ரோஸ் மேல் குற்றமில்லை என்பதில் அப்போதும் உறுதியாக இருந்தார். அந்த மன்னிப்போடு விஷயம் முடிந்திருந்தால், வழக்கமான விளக்கங்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். அவர் பேராயர் சார்லஸ் ஷிக்லூனாவை விசாரணைக்கு அனுப்பினார். 64 பேரின் சாட்சியம் பதிவாகி, 2,300 பக்க அறிக்கை வந்தது. அதை வாசித்தபின் ஏப்ரலில் சிலே ஆயர்களுக்கு எழுதிய மடலில், நிலைமையைக் கணிப்பதில் தாம் கடுமையான தவறுகள் செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். கரதிமாவால் பாதிக்கப்பட்ட ஹுவான் கார்லோஸ் குரூஸ், ஜேம்ஸ் ஹாமில்டன், ஹோசே அந்திரேஸ் முரில்லோ ஆகிய மூவரையும் தாம் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்துக்கே விருந்தினர்களாக அழைத்து, ஒவ்வொருவரோடும் தனித்தனியாக நேரம் செலவிட்டு, மன்னிப்புக் கேட்டார். மே மாதம் சிலே ஆயர்கள் அனைவரும் பதவி விலகக் கடிதம் கொடுத்தார்கள். ஜூன் 11 அன்று பர்ரோஸின் விலகல் ஏற்கப்பட்டது. 2021இல் குரூஸ் அதே சிறார் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இதனால்தான் போப்புகள் நிருபர்களிடம் பேசுவதையே நிறுத்த வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்பதில்லை. இக்கிக்கே வாயிலில் அந்த நிருபர் கேட்காமல் இருந்திருந்தால், 16ஆம் தேதி உரையோடு பயணம் மரியாதையாக முடிந்திருக்கும். பர்ரோஸ் ஓசோர்னோவிலேயே இருந்திருப்பார். எழுதி வைத்த உரையில் வெளிப்படாத ஒன்று, தயாரில்லாத ஒரு பதிலில் வெளிப்பட்டது. வெளிப்பட்டதால்தான் திருத்தவும் முடிந்தது. எனக்குக் கவலை தருவது வேறு வகைப் பேட்டி: ஒலிப்பதிவோ குறிப்போ இல்லாமல் நடக்கும் உரையாடல்கள். 2018இல் பெரிய வியாழன் அன்று, முதிய இத்தாலியப் பத்திரிகையாளர் எயுஜெனியோ ஸ்கால்ஃபாரி அப்படி ஓர் உரையாடலை நினைவிலிருந்து எழுதி, நரகம் இல்லை என்று திருத்தந்தை சொன்னதாக வெளியிட்டார். அது அவருடைய சொற்களின் நம்பகமான பதிவு அல்ல என்று வத்திக்கான் மறுத்தது. பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்த அடுத்த வகுப்பில் என் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி அதுதான். முழுப் பதிவு இருந்தால் எடுத்துக் காட்டலாம். இதில் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

பிரான்சிஸுக்குப் பின் திருத்தந்தையான பதினான்காம் லியோவும் ரோமுக்கு அருகே உள்ள காஸ்தல் கந்தோல்ஃபோ இல்லத்திலிருந்து கிளம்பும்போது வாசலில் காத்திருக்கும் நிருபர்களுக்குப் பதில் சொல்கிறார். அவர் சொல்லட்டும். அந்தப் பதில் யாரையாவது காயப்படுத்தினால், விளக்கம் ரோம் நிருபர்களுக்குப் போகும் அதே வாரத்தில், காயப்பட்டவர் உட்கார்ந்திருக்கும் பங்குக் கோயிலுக்கும் அவருடைய மொழியில் வந்து சேர வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பு எங்கள் ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும், என்னைப் போன்ற மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் இருக்கிறது.