முதுகெலும்புல இன்ஃபெக்ஷன்: நாளைக்கே ஸ்க்ரூ போடணுமா?

வியாசர்பாடி தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். அப்பாவுக்கு 58 வயசு, மூணு மாசமா இடுப்புகிட்ட வலி, சாயங்காலம் ஆனா காய்ச்சல். எம்ஆர்ஐல இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல (எல்2-எல்3) இன்ஃபெக்ஷன், டிபியா இருக்கலாம்னு ரிப்போர்ட். நல்லாத்தான் நடக்குறார். ஆனா போன இடத்துல "நாளைக்கே ஸ்க்ரூ போடலைன்னா கால் விழுந்துடும்"னாங்களாம்.

தம்பி, நடக்குற மனுஷனுக்கு அப்படி ஒரு அவசரம் கிடையாது. எலும்பு நொறுங்கி கூன் விழல, சீழ் நரம்பை அழுத்தலன்னா பெரும்பாலும் மருந்துலயே ஆறிடும். நம்ம சேத்துப்பட்டு டிபி ஆராய்ச்சி மையத்துல 1970கள்ல ஆரம்பிச்ச ஆய்வுலயே, கால் செயலிழக்காதவங்களுக்கு மாத்திரையே போதும்னு பார்த்தாச்சு, இன்னும் இதையே சொல்லிட்டிருக்கோம்.

முதல்ல எந்தக் கிருமின்னு தெரியணும். அதுக்கு சிடில பார்த்துக்கிட்டே ஊசி விட்டு பயாப்ஸி எடுப்பாங்க. இங்கதான் கோட்டை விடுறாங்க. எடுத்த துண்டு மொத்தமும் ஃபார்மலின் பாட்டிலுக்குப் போயிடும், அதுல போட்டா கிருமி செத்துடும், அப்புறம் கல்ச்சர்ல என்னத்த வளரும்? "கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் தனியா சலைன்ல போட்டுக் குடுங்க"னு முன்னாடியே கேளுங்க. சிபிநாட்னா டிபி கிருமியோட மரபணுவைத் தேடுற டெஸ்ட். லேபுக்குத் தூக்கிட்டு ஓடப்போறது எப்படியும் நீங்கதான், லேபிளைப் படிச்சுட்டு ஓடுங்க. காய்ச்சல் விட்டு விட்டு வர்ற, தெம்பா இருக்கற ஆளுக்கு பயாப்ஸி எடுக்கறவரை ஆன்டிபயாடிக் வேணாம்.

டிபின்னா ஒரு வருஷம்போல மாத்திரை, அரசு ஆஸ்பத்திரில இலவசம். மத்த கிருமின்னா பொதுவா ஆறு வாரம் ஆன்டிபயாடிக். கூட பெல்ட்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. கால்ல புதுசா பலம் குறையுது, செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல, மாடிப்படி ஏற முட்டி மடங்குது, யூரின் வரல இல்ல தெரியாமலே போகுது, இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஜிஹெச் எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. காலைல ஓபில பாத்துக்கலாம்னு படுக்க வைக்காதீங்க. அப்போ ஆபரேஷன்தான் பேச்சு, அதுல நானே முதல் ஆளா நிப்பேன்.

ஆஸ்பத்திரில "கோஆர்டினேட்டர்"னு ஒருத்தர் வந்து, மருந்துன்னா இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஆகாது, ஆபரேஷன்னா உடனே அப்ரூவல் வாங்கித் தர்றேன்னு பேசுவார், அவர்கிட்ட பேச்சே வேணாம். இன்ஷூரன்ஸும் அவருக்குத் தோதாத்தான் இருக்கு, கத்தி வச்சா காசு வரும், மாசக்கணக்குல வீட்ல மாத்திரை சாப்பிட்டா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்.

ஒரு மாசத்துல இன்னொரு எம்ஆர்ஐ எடுத்துட்டு "மருந்து கேக்கல, கூடிடுச்சு"ன்னு அதே ஆளு மறுபடி வருவார். ஆள் தேறினாலும் ஆரம்பத்துல படம் மோசமாத்தான் தெரியும். வலி குறையுதா, எடை ஏறுதா, ரத்தப் பரிசோதனைல அழற்சியைக் காட்டுற இஎஸ்ஆர், சிஆர்பி அளவு இறங்குதான்னு பாருங்க, இறங்குச்சுன்னா மாத்திரையை நிறுத்தாம ஓட்டுங்க.