கீழ் பாத்ரூமில் ஏன் கீசர் இல்லை?

கேள்வி: எனக்கு வயது 44. ஓசூரில் சொந்த வீடு கட்டியிருக்கிறேன். பனிக்காலம் வந்தால் தோல் வறண்டு, மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஆயுர்வேத முறைக்கு மாறினேன். காலையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் தேன், நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல், எள்ளுருண்டை, சியவனப்பிராசம் எல்லாம் உண்டு. பகல் 12 மணிவரை வேறெதுவும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் மலச்சிக்கலும் அசதியும் போகவில்லை. கீழ்ப் போர்ஷனில் இருக்கும் என் அம்மாவுக்கு 73 வயது. அங்கே பாத்ரூமில் கீசர் கிடையாது. பழகிவிட்டது என்று மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார். ஒரு தும்மல்கூட இல்லை, அந்தக் காலத்து உடம்பு! நான் இன்னும் என்ன சேர்த்துக்கொள்ள வேண்டும்?

பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: தம்பி, மார்கழி பிறந்தால் இப்படிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். எல்லோருக்கும் இன்னும் எதையாவது சேர்க்க வேண்டும். உங்கள் மூட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது சின்ன விஷயம்.

குளிர்காற்று உடம்புச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடுவதால் பனிக்காலத்தில் சீரண அக்கினி பலமாக இருக்கும் என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. அதற்குத் தகுந்த சாப்பாடு போடாவிட்டால் உடம்பின் சாரத்தையே அது தின்னும், வாதம், அதாவது உடம்பிலுள்ள காற்றின் கூறு, ஏறும். வறட்சி, பிடிப்பு, மலச்சிக்கல் மூன்றும் வாதத்தின் கணக்கில்தான் வருகின்றன. ஹேமந்தம் என்னும் முன்பனிக் காலத்தில் இரவு நீளம், அதனால் விடிந்ததுமே பசிக்கும் என்று அஷ்டாங்க ஹிருதயமும் சொல்கிறது. நீங்களோ அந்த நேரத்தில் ஓர் எள்ளுருண்டையோடு வயிற்றைக் காயப் போடுகிறீர்கள். காலை 8 மணிக்குள் நெய்விட்ட வெண்பொங்கலோ உளுந்தங்கஞ்சியோ சூடாகச் சாப்பிடுங்கள். தேனைச் சூடுபடுத்தக் கூடாது என்று அதே நூல்கள் சொல்கின்றன, அந்த வெந்நீர்த் தேனை விடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் சியவனப்பிராசமும் வேண்டாம், அதில் இனிப்பு அதிகம். அப்புறமும் மலச்சிக்கல் தீரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

இப்போது அந்த பாத்ரூமுக்கு வருவோம்.

மாடியில் உங்களுக்கு கீசர் மாட்டினீர்களே, கீழேயும் ஒரு பாயிண்ட் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? எந்த அம்மா மகனிடம் வந்து 'எனக்கு வெந்நீர் வேண்டும்' என்று கேட்பார்? செலவு வைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருப்பதை உடல்வலிமை என்று எழுதி, ஒரு ஆச்சரியக்குறியும் போட்டுவிட்டீர்கள்.

ஆயுர்வேதத்தில் முதுமை வாதத்தின் பருவம். நீங்கள் பின்பற்றும் பனிக்கால நியமம் அத்தனையும் உங்களைவிட அவருக்குத்தான் அவசரம். அஷ்டாங்க ஹிருதயம் இந்தப் பருவத்துக்குக் கோதுமை, உளுந்து, புது அரிசி, எண்ணெய் என்று அடுக்கிக்கொண்டு வந்து, உடம்பு சுத்தம் செய்ய வெந்நீர் என்றும் சேர்த்தே சொல்கிறது. சாப்பாட்டுப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிவிட்டீர்கள். டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: வயதானால் குளிரை உணர்வதே மந்தமாகும், உடம்பு தன் சூட்டைக் காப்பதும் குறையும், பச்சைத் தண்ணீர் சட்டென்று ரத்த அழுத்தத்தை ஏற்றும். தும்மல் வராததை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

பெற்றவர்களைக் கேட்டுவிட்டுச் செய்வது என்ற வழக்கமே எனக்குப் பிடிக்காது. கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக மாடியேறிவிடலாம், அவ்வளவுதான். நீங்கள் கேட்காமல் செய்யுங்கள். கீசர் இந்த வாரமே வர வேண்டும். கூடவே ஒரு கைப்பிடிக் கம்பியும் ரப்பர் பாயும்.

சனிக்கிழமை அவருக்கு நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். தலை, காது, பாதம் மூன்றையும் விடக் கூடாது என்பது நூல் கணக்கு. ஆனால் பாதத்து எண்ணெயை உட்கார்ந்தபடியே பயத்தம் மாவால் தேய்த்து எடுத்த பிறகுதான் பாத்ரூமுக்குள் போக வேண்டும், வழுக்கினால் இடுப்பு எலும்பு போய்விடும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை, விசாரியுங்கள். இதையெல்லாம் மனைவி தலையில் கட்டிவிடாதீர்கள். அவர் உங்கள் அம்மா, எண்ணெய் காய்ச்ச உங்களுக்கும் கை இருக்கிறது.

கீசர் வரும்வரை தினமும் காலையில் ஒரு குண்டான் வெந்நீரை நீங்களே கீழே இறக்கி வையுங்கள். உங்கள் குளியல் அதற்குப் பிறகு.