டோலிக்கு முன்பே நம் தோட்டத்தில் குளோன் இருந்ததா?

"சுங்கை சிப்புட்டில் எங்கள் தாத்தா பழைய பால்மரங்களை (ரப்பர் மரங்களை) 'குளோன் மரம்' என்பார். குளோனிங் டோலி ஆட்டோடுதானே தொடங்கியது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாத்தா சொன்னது சரிதான். ஓர் உயிரின் அதே மரபணுவோடு உருவாகும் நகல்தான் 'குளோன்'. கிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. 1903-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹெர்பர்ட் வெப்பர் அந்தச் சொல்லைச் செடிகளுக்காகத்தான் கொண்டுவந்தார். நிறையப் பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து நாற்றின் தண்டில் ஒட்டுவார்கள். அதிலிருந்து வளரும் மரம் முழுக்கத் தாய்மரத்தின் மரபணுவே. வேர் மட்டும் வேறு. பெயர்பெற்ற ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் ரகம் இப்படிப் பெருக்கப்பட்டதுதான்.

1996-இல் பிறந்த டோலியின் புதுமை, வளர்ந்த ஆட்டின் மடிச் செல்லிலிருந்து உருவானது. 277 முயற்சியில் அது ஒன்றுதான் பிறந்தது.

அப்புறம் செம்பனை. என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான். ஒரே குருத்து உள்ள மரம், ஒட்டுக்கட்ட வழியில்லை. அதனால் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு, அதாவது மரத்தின் சிறு திசுவிலிருந்தே புதுக் கன்றை வளர்ப்பது. ஆனால் சில குளோன்களில் பழம் உருமாறி எண்ணெய் குறைந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அதன்மேல் ஒட்டியிருந்து அதன் செயலைக் கட்டுப்படுத்தும் மெத்தில் என்ற வேதிக் குறி ஓரிடத்தில் அழிந்திருந்தது. 2015-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டது மலேசிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு.