"ஒரு மேளம்" எண்டால் ஒரு தவிலோ?

கலியாணத்துக்கு "ஒரு மேளம்" எண்டு விலை சொல்லியிருக்கினம், ஒரு தவில்தான் வருமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். இல்லை. இந்த இடத்தில மேளம் எண்டது முழுக் குழு: நாதஸ்வரம், தவில், தாளம், சுருதிப்பெட்டி எல்லாம் சேர்த்தி. தோள்வாரில தொங்கவிட்டு, ஒரு பக்கம் தடியாலயும் மற்றப் பக்கம் கூடு போட்ட விரலாலயும் அடிக்கிற வாத்தியம்தான் தவில்.

ஆள்தொகை குழுவுக்குக் குழு மாறும், பிணக்கு வாறதும் அதிலதான். முற்பணம் குடுக்க முதல் நாதஸ்வரம் எத்தனை, தவில் எத்தனை எண்டு பிரிச்சுக் கேட்டு எழுதி வையுங்கோ.

சின்னக் குழு போதும் எண்டு சொல்லப்போய் "சின்னமேளம்" எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ! அது முந்திக் கோயில் திருவிழாக்களில சதிர் எண்ட நாட்டியம் ஆடின குழுவின்ர பெயர். நாதஸ்வரக் குழுவுக்குப் பெரியமேளம் எண்டு பெயர்.

கெட்டிமேளம் வேற குழு இல்லை. தாலி கட்டேக்க அதே தவில்கள் உரத்து, விரைவா முழங்கிறது. சைகை கிடைச்ச உடன அடிக்கோணும், அதால மணவறை நேராத் தெரியிற இடத்தில தவில்காரரை இருத்துங்கோ. தூணோ வீடியோக்காரரோ மறைச்சால் மேளம் பிந்தும்.