மாமாவின் விதை வெங்காயம் யார் பேரில் பதிவாகும்?

கேள்வி: ராயபுரத்தில் வசிக்கிறேன், கொத்தவால்சாவடியில் வெங்காயக் கமிஷன் கடை. பெரம்பலூர் மாவட்டத்தில் என் தாய்மாமா பல வருடமாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த சின்ன வெங்காயத்தைச் சுற்று வட்டாரமே விதைக்கு வாங்குகிறது. ஒரு விதைக் கம்பெனி ஆள் இரண்டு மூட்டை வாங்கிப் போனார். இப்போது பத்திரத்தோடு வந்து, "நீங்கள் ஏற்கெனவே விற்றுவிட்டதால் உங்களால் பதிய முடியாது, நாங்கள் பதிந்துகொள்கிறோம். இல்லாவிட்டால் நாளைக்கு நீங்களே நட முடியாது" என்கிறார். நான் என் பேரில் பதியலாமா?

பதில்: முதலில், மாமா அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் சொன்னது பாதி உண்மை. "புதிய ரகம்" என்று விண்ணப்பித்தால்தான், இந்தியாவில் விற்கத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் 2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் "உழவர் ரகம்" என்று தனி வகை இருக்கிறது. விவசாயிகள் தங்கள் வயலில் வழிவழியாகப் பயிரிட்டு உருவாக்கியது அதில் வரும். அதற்குப் புதுமை என்ற நிபந்தனை இல்லை. தனித்தன்மை (மற்ற ரகங்களிலிருந்து வேறுபடுவது), சீர்மை (செடிகளெல்லாம் ஒரே மாதிரி இருப்பது), நிலைத்தன்மை (மறுபடி மறுபடி நட்டாலும் மாறாதது) மூன்றும் இருந்தால் போதும்.

இந்த மூன்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். "காரம் தூக்கல், சாம்பாருக்கு அருமை" என்பதெல்லாம் கடைப் பேச்சு. வெங்காயம், பூண்டு ஆராய்ச்சிக்கென்றே புனே அருகே ராஜகுருநகரில் மத்திய அரசின் இயக்ககம் இருக்கிறது. இந்த வகைச் சோதனையில் மேல்தோலின் நிறம், காயின் வடிவம், கழுத்தின் தடிமன், வெங்காயத்தாளின் மெழுகுப் பூச்சு, ஒரு செடியில் எத்தனை காய் பிரிகிறது என்று அளந்து, தெரிந்த ரகங்களோடு ஒப்பிடுவார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ வரிசை ரகம் எதனோடாவது உங்களுடையது ஒத்துப்போனால் விண்ணப்பம் நிற்காது. அதனால் இந்தப் பட்டத்திலிருந்தே விதை வெங்காயத்தைத் தனிச் சேமிப்புப் பட்டறையில் வைக்கச் சொல்லுங்கள். வேறு லாட் கலந்துவிட்டால் சீர்மை போச்சு.

உங்கள் பேரில் பதிய முடியாது. ரகத்தை உருவாக்கியவர் மாமா, நீங்கள் வியாபாரி. அவர் பேரிலோ, ஊர் விவசாயிகள் சேர்ந்தோ விண்ணப்பிக்கலாம். அவர் எழுதிக் கொடுத்தால் அவர் சார்பில் நீங்கள் அலையலாம். இந்தச் சட்டப்படி ரகங்களைப் பதியும் ஆணையத்தில் விவசாயிக்கு எந்தக் கட்டணமும் கிடையாது (பிரிவு 44). ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மாவட்ட வேளாண் அலுவலர் அல்லது வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர், இவர்களில் ஒருவரின் சான்றொப்பம் வேண்டும். அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகலையும் விதை வாங்கிய ஊர்க்காரர்களின் எழுத்து வாக்குமூலத்தையும் சேர்த்து வையுங்கள். பழைய ரகங்களுக்குக் காலக்கெடு உண்டு, அந்த விதியும் அவ்வப்போது மாறியிருக்கிறது. தள்ளிப் போட வேண்டாம். பெயரில் ஊர்ப் பெயரைச் சேர்த்தால் பதிவாளர் மறுக்க இடமுண்டு, வேறு பெயர் யோசியுங்கள்.

கம்பெனி முந்திக்கொண்டால்? ஏற்கப்பட்ட விண்ணப்பம் ஆணையத்தின் இதழில் விளம்பரமாகும். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போடலாம். அந்த இரண்டு மூட்டைக்கான ரசீது, லாரி சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மூலம் எங்கிருந்து வந்தது என்று விண்ணப்பதாரர் சொல்லியாக வேண்டும். மறைத்துப் பதிந்தால் பின்னால் பதிவையே ரத்து செய்யக் கேட்கலாம்.

"நட முடியாது" என்பது வெறும் மிரட்டல். யார் பதிந்தாலும் விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி நடலாம், பக்கத்துக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் (பிரிவு 39). பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு ஒட்டி விதையாக விற்பதுதான் கூடாது. 2019-இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது நினைவிருக்கும்.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் கடையிலேயே விதை வெங்காயம் என்று மூட்டை கட்டி விற்கும் எண்ணம் இருந்தால், 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்பனை உரிமம் தனியாக எடுக்க வேண்டும். மாமாவுக்கு வரும் பதிவுச் சான்றிதழ் உங்களுக்கு அந்த உரிமமாகாது.